பலாப்பழ வலி இல்லை அத்தை!

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பலாப்பழம் வந்து குவிகிற வைகாசி மாதம். காடாம்புலியூரில் என் அக்காவின் பேத்திக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்து நானும் என் மருமகளும் முதல் நாளே கிளம்பிப் போய்விட்டோம். என் மகனுக்கு விசேஷத்தன்று நிலக்கரி மைன்ஸில் முதல் ஷிஃப்ட். "ட்யூட்டி முடிச்சிட்டு நேரா பந்திக்கு வந்துடறேம்மா" என்று சொல்லிவிட்டான். பந்திக்கு மட்டும் சரியாக வருவதில் அவன் அப்படியே அவன் அப்பாவைக் கொண்டு பிறந்தவன். அவர் இப்போது இல்லை. அவரும் மைன்ஸில்தான் கன்வேயர் பகுதியில் வேலை பார்த்தார்.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. எங்கள் பிளாக்கில் தண்ணீர் வராவிட்டால்கூட என்னைத்தான் முன்னால் நிறுத்திப் பேச விடுவார்கள். இப்படிப்பட்ட மாமியாருக்கு எப்படிப்பட்ட மருமகள் வந்து மாட்டப்போகிறாளோ என்று என் அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தவள் என்னைவிடத் தைரியசாலி என்பதை நான் பெண் பார்க்கப் போன அன்றே தெரிந்துகொண்டேன்.

அவளும் டவுன்ஷிப் பெண்தான். அவள் அப்பாவும் மைன்ஸ்தான். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெண் பார்க்கப் போனபோது காபியைக் கொடுத்துவிட்டு, உள்ளே போகாமல் எங்கள் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அம்மா பின்னால் நின்று புடவையைப் பிடித்து இழுக்கிறார். அவள் அசையவில்லை.

"எனக்கு லூபஸ்னு ஒரு வியாதி இருக்குங்க. தொத்துற வியாதி இல்ல. முழுசா தீர்ற வியாதியும் இல்ல. மாத்திரை ஒழுங்கா போட்டா அடங்கி இருக்கும். இது தெரிஞ்சு சரின்னா சரி. இல்லன்னாலும் எனக்கு வருத்தமில்ல, காபி குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

என் மகன் டம்ளரைக் காலி செய்துவிட்டு, "காபி நல்லா இருக்கு, இன்னொரு டம்ளர் கிடைக்குமா?" என்று கேட்டான். அவ்வளவுதான், கல்யாணம் முடிவாகிவிட்டது. எனக்குப் பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மறைக்கத் தெரியாத பெண் என் வீட்டுக்கு வருகிறாள் என்ற சந்தோஷம் அந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

லூபஸ் என்றால் என்ன என்று பிறகு அவளே எனக்கு விளக்கினாள். வெளியில் இருந்து வரும் கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் நம் உடம்பையே அடிக்க ஆரம்பித்துவிடுமாம். மூட்டு வீங்கும். முடி கொட்டும். வெயில் பட்டால் இரண்டு கன்னமும் சிவந்துவிடும். சில பேருக்குச் சிறுநீரகம், சில பேருக்கு இதயம் என்று எங்கே வேண்டுமானாலும் போய்த் தாக்கும். அதனால் புதுச்சேரியில் ஒரு டாக்டரிடம் தொடர்ந்து காட்டி, தினமும் மாத்திரை சாப்பிடுகிறாள். நெய்வேலி வெயில்தான் உங்களுக்குத் தெரியுமே! முழுக்கை ரவிக்கையும் குடையும் இல்லாமல் வாசல்படி தாண்டமாட்டாள்.

சம்பந்தியம்மா எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். இந்த வியாதி விஷயம் நம் இரண்டு வீட்டைத் தாண்டி வெளியே போகக்கூடாது. ஏனென்றால் அவருக்கு இன்னொரு பெண் இருக்கிறாள், அவளுக்கும் வரன் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. வீட்டுப் பெண்ணுக்கு ஒரு வியாதி என்றால் நகையைப் பூட்டுகிற மாதிரி பூட்டி வைத்துவிடுவார்கள். கேட்டால் "தைராய்டு" என்பார்கள். எங்கள் ஜனங்களில் பாதிப் பேருக்குத் தைராய்டு இப்படி வந்ததுதான். என் மருமகளுக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் தங்கைக்காக ஒத்துக்கொண்டாள்.

அதனால் என் அக்காவுக்கு அந்தக் குடை மட்டும் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. காதுகுத்துக்கு நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னாடி தங்கச்சி, ஒம் மருமவ மழையே இல்லாம கொடைய புடிச்சிகினு வர்றா? மகாராணி மேல வெயிலு பட்டா கரைஞ்சிடுவாளா?"

"அவ கொடை, அவ கை. ஒனக்கின்னா வலிக்குது?" என்றேன். அக்கா சிரித்துவிட்டாள். மருமகளும் சிரித்தாள். ஆனால் அந்த ஒரு வாரமாகவே அவள் முகம் சரியில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். கன்னச் சிவப்பு ஏறியிருந்தது. காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியவில்லை என்றாள். "விசேஷம் முடியட்டும் அத்தை, புதுச்சேரிக்குப் போய்க் காட்டிட்டு வந்துடலாம்" என்று அவளே சொல்லியும் இருந்தாள்.

மறுநாள் காலை. கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தி, பிறகு வீட்டில் விருந்து என்று ஏற்பாடு. சீரோடு வரும் தாய்மாமனை அழைத்துவர, இருந்த கார்கள் எல்லாம் பண்ருட்டிக்குப் போய்விட்டன. கூடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். அந்த வட்டத்தில் ஒரு அம்மா இருந்தார். என் மருமகளின் தங்கைக்கு ஒரு வரன் வந்திருந்தது என்று சொன்னேன் இல்லையா... இல்லை, இன்னும் சொல்லவில்லை. நல்ல இடம், பையன் நல்ல வேலை, ஜாதகம் பொருந்தி, அடுத்த வாரம் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. அந்தப் பையனின் சொந்த அத்தைதான் அங்கே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவர்.

மருமகள் கத்திரிக்காயைப் போட்டுவிட்டு எழுந்து போனாள். கொல்லைப் பக்கம் வாந்தியெடுக்கும் சத்தம். "விசேஷமாடி?" என்று ஒருத்தி கண்ணடித்தாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அவள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக் குனிந்து நின்றிருந்தாள். மேல்வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். உள்ளே அழைத்துவந்து படுக்க வைத்தால், படுத்த வேகத்தில் எழுந்துவிட்டாள். தலையணையை மடியில் வைத்து அதன்மேல் குப்புறக் கவிழ்ந்துகொண்டாள்.

அக்காவுக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. பலாப்பழ ஊரில் வைகாசி மாதம் யாருக்கு வயிறு வலித்தாலும் காரணம் ஒன்றுதானே!

"ராத்திரி சொளையத் தின்னுட்டு மேல தண்ணிய குடிச்சிருப்பா. டவுன்ஷிப்பு வயிறு, எங்கேர்ந்து தாங்கும்? ஓமத்தண்ணி குடு, சரியாப்பூடும்."

ஓமத்தண்ணீர் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. சுக்குக் கஷாயமும் அப்படித்தான். உடனே இன்னொருத்தி, "இது குடலேத்தம். வயித்த வழிச்சி விட்டா நின்னுடும்" என்றாள். குடல் மேலே ஏறிக்கொண்டது என்று சொல்லி, விளக்கெண்ணெய் தடவி வயிற்றைக் கீழ்நோக்கி அழுத்தித் தேய்த்துவிடுகிற வைத்தியம். அடுத்த தெருவில் அதில் கைராசியான ஒரு அம்மா இருக்கிறாராம். ஆளை அனுப்பிவிட்டார்கள். எல்லாரும் நல்ல மனதோடுதான் செய்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் தொட்டால் அவள் உடம்பு ஜில்லென்று வேர்த்திருந்தது.

"அத்தை, இது பலாப்பழ வலி இல்ல" என்றாள் மெதுவாக. "மேல்வயித்துல ஆரம்பிச்சு முதுகைத் தொளைச்சிக்கிட்டுப் போகுது. படுத்தா உயிர் போகுது. குனிஞ்சாதான் தாங்க முடியுது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

நான் அவள் காதருகே குனிந்தேன். "நான் ஏதாவது சொல்லிக் கூட்டிகினு போறேன். நீ வாயத் தெறக்காத. பீன்ஸ் நறுக்குறது யாருன்னு தெரியுமில்ல?" என்றேன். அவள் கண்ணாலேயே தெரியும் என்றாள்.

நானும் சொல்லிப் பார்த்தேன். வயிற்றுவலிக்கு எதற்கு ஆஸ்பத்திரி, வண்டி வேறு இல்லை, பச்சைக் குழந்தைக்கு விசேஷம் நடக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். அதற்குள் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு அந்த அம்மாவும் வந்துவிட்டார். இரண்டு பெண்கள் அவளைப் பிடித்துப் படுக்க வைக்கப் போனார்கள்.

அப்போது என் மருமகள் கையைத் தூக்கினாள். வகுப்பில் பிள்ளைகளை அமைதிப்படுத்துகிற மாதிரி. தலையை நிமிர்த்தி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"யாரும் என் வயித்துல கை வைக்காதீங்க. எனக்கு லூபஸ்னு ஒரு வியாதி இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடியே இருக்கு. என் உடம்பே என்னை அடிக்கிற வியாதி அது. வெயில் ஆகாது, அதனாலதான் குடை. இது பலாப்பழம் இல்ல, குடலேத்தம் இல்ல. இப்ப உள்ள ஏதோ ஒண்ண அது அடிக்குது. அழுத்தித் தேச்சா எனக்கு ஏதாவது ஆயிடும். தயவுசெஞ்சு ஒரு வண்டி குடுங்க."

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றதை நான் பார்த்தேன். தங்கையின் கல்யாணம் கண்ணெதிரே கைநழுவிப் போவது தெரிந்துதான் அவள் பேசினாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயத்திலா பெருமையிலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"லூபஸா? நாயிக்கு வெக்கிற பேரு மாதிரி இருக்கேடி" என்றாள் அக்கா. யாரும் சிரிக்கவில்லை. அதற்குமேல் நான் என் வாயைக் கட்டவில்லை. "பேருக்கு அர்த்தம் அப்பறம் கேட்டுக்கலாம், இப்ப வண்டி வருமா வராதா?" என்று போட்ட சத்தத்தில் அக்காவின் சின்ன மகன் ஓடிவந்தான். பலாப்பழம் ஏற்றி மண்டிக்குப் போக வேண்டிய குட்டி யானை வண்டி வாசலில் நின்றிருந்தது. பழத்தையெல்லாம் பின்னாலேயே விட்டுவிட்டு, எங்கள் இருவரையும் முன்னால் ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

ரோடு வேலை நடந்துகொண்டிருந்த நேரம். பள்ளமும் புழுதியுமாக, வண்டி குதிக்கும்போதெல்லாம் அவள் என் முழங்காலை இறுக்கிப் பிடித்தாள். வடக்குத்து கிராமத்தைத் தாண்டுவதற்குள் கண் செருக ஆரம்பித்துவிட்டது. அந்த நிலைமையிலும் என்னிடம், "அத்தை, நான் மயங்கிட்டா யாரு டாக்டர்கிட்ட சொல்றது? உங்ககிட்ட சார்ஜ் குடுக்கிறேன், வாங்கிக்குங்க" என்றாள்.

டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். மைன்ஸில் ஒரு ஷிஃப்ட் முடிந்தால் தன் பாட்டுக்குக் கிளம்பி வந்துவிட முடியாது. அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து நிற்க வேண்டும். மெஷின் எப்படி இருக்கிறது, எங்கே சத்தம் வருகிறது, எதைத் தொடக்கூடாது என்று எல்லாவற்றையும் சொல்லி ஒப்படைக்க வேண்டும். வாங்குகிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். என் கணவர் இதனாலேயே எத்தனையோ நாள் சோறு ஆறிப்போன பிறகு வந்திருக்கிறார், நானும் சண்டை போட்டிருக்கிறேன். அவள் அப்பா வீட்டிலும் அதே கதைதான். அந்த வண்டியில் அவள் தன் உடம்பை எனக்கு அப்படித்தான் ஒப்படைத்தாள்.

"லூபஸ் இருக்குன்னு முதல்ல சொல்லுங்க. தினமும் ஸ்டீராய்டு மாத்திரை போடறேன், அதைத் திடீர்னு நிறுத்தக்கூடாது, இன்னிக்குப் போட்டது வாந்தியில வந்துடுச்சு. வலி முதுகுக்குப் போகுது, குனிஞ்சா குறையுது. கணையத்தையும் பார்க்கச் சொல்லுங்க, லூபஸ்ல எப்பவாவது அங்கயும் வரும்னு எங்க டாக்டர் சொல்லியிருக்காங்க. புதுச்சேரி டாக்டர் நம்பர் என் போன்ல இருக்கு." மூச்சு வாங்கிவிட்டு, "திருப்பிச் சொல்லுங்க அத்தை" என்றாள். ஒன்று விட்டுப்போனால் மறுபடி முதலில் இருந்து சொல்ல வைத்தாள். கணக்கு டீச்சர் இல்லையா!

எனக்கு அதுவரை கணையம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. வயிற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிற அது, நாம் சாப்பிடுவதைச் செரிக்க வைக்கும் நீரைச் சுரக்கிறதாம். வீங்கிவிட்டால் அந்த நீர் கணையத்தையே அரிக்கத் தொடங்கிவிடுமாம். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

டவுன்ஷிப்புக்குள் வந்து ஆஸ்பத்திரியில் இறக்கும்போது அவளால் நிற்க முடியவில்லை. டியூட்டியில் ஒரு இளம் லேடி டாக்டர். நான் நிறுத்தாமல் ஒப்பித்தேன். அந்தப் பெண் நடுவில் ஒரு வார்த்தைகூடக் குறுக்கிடாமல் கேட்டாள். கேட்டுவிட்டு, ரத்தப் பரிசோதனைக்குச் சொல்லிக்கொண்டே, "இவங்களுக்குக் குடிப்பழக்கம் உண்டாம்மா?" என்றாளே பார்க்கலாம்!

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். "யாரப் பாத்து என்னா கேள்விம்மா கேக்கற? டீச்சரும்மா அவ!" என்று கத்திவிட்டேன். ஸ்ட்ரெச்சரில் இருந்து மெல்லிய குரல் வந்தது. "அத்தை... கணையம் வீங்கறதுக்கு அது ஒரு காரணம். எல்லாரையும் கேப்பாங்க. இல்லன்னு சொல்லிடுங்க." டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இல்லன்னு போட்டுக்கறேம்மா. நீங்க சொன்னது ரொம்ப உதவியா இருக்கு" என்றாள். நான் சொன்னது என்ன, அவள் சொல்லிக் கொடுத்ததுதானே.

ரத்தத்தில் கணைய நீரின் அளவு பல மடங்கு ஏறியிருந்தது. ஸ்கேனில் கணையம் வீங்கி, சுற்றிலும் நீர் கோத்திருப்பது தெரிந்தது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த டாக்டரே புதுச்சேரி டாக்டரிடம் போனில் பேசி, குளுக்கோஸ் ஏற்றி, ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டு, ஆம்புலன்ஸில் அனுப்பிவைத்தாள். கிளம்புகிற நேரத்துக்கு என் மகன் ஓடிவந்துவிட்டான். ஷூவிலும் சட்டையிலும் மைன்ஸ் மண். அவளைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டான். அவள்தான் அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

புதுச்சேரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு. அங்கே பெரிய டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். பித்தப்பையில் கல் இல்லை. மற்ற காரணங்களும் இல்லை. ரத்தத்தில் லூபஸ் கொதித்துக்கொண்டிருக்கிறது, அதுதான் கணையத்தைத் தாக்கியிருக்கிறது. லூபஸ் உள்ளவர்களில் அபூர்வமாக வருவது, ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. அவள் சாப்பிட்ட மாத்திரைகளில் ஒன்று கணையத்துக்கு ஆகாமல் போயிருக்கலாம் என்பதால் அதை மட்டும் நிறுத்துகிறோம். ஸ்டீராய்டை நிறுத்தப் போவதில்லை, கூட்டப்போகிறோம். அடுத்த சில நாட்களைத் தாண்டிவிட்டால் நம்பிக்கை என்றார்.

அந்தச் சில நாட்களை எப்படிச் சொல்வது! வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. உதடு வெடித்துக் கிடந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுதேன். என் கணவர் போனபோதுகூட அப்படி அழவில்லை. சண்டை போடவும் சிரிக்கவும் என் வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே ஆள் அவள்தான்.

அக்கா வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, "அந்த மாத்திரைங்கதாண்டி வயித்த எரிச்சிடுச்சி. எல்லாத்தையும் நிறுத்திட்டு நாட்டு வைத்தியம் பாக்கலாம்" என்றாள். சம்பந்தியம்மாவும் அதற்குத் தலையாட்டினார். பாவம், அவருக்கு இரண்டு பக்கமும் இடி. பையன் வீட்டில் இருந்து போன் வந்துவிட்டது, வரன் வேண்டாமாம். துக்கம் தாங்காமல், "அத்தனை பேர் எதிர்ல சொல்லணுமா? வாயை வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "சும்மா இருந்திருந்தா இன்னிக்கு உங்க பொண்ணு எரிஞ்ச எடத்துல பால் தெளிச்சிகினு இருப்போம் சம்பந்தி! அக்கா, நீயும் கேட்டுக்க. மாத்திரைய நிறுத்தறதா கூட்டறதான்னு டாக்டர் சொல்லுவார். நிறுத்தக் கூடாதுன்னு அவ என்கிட்ட சார்ஜ் குடுத்திருக்கா. அவ எழுந்து வந்து வாங்கிக்கிற வரைக்கும் நான் இந்த எடத்த விட்டு நகரமாட்டேன்" என்றேன். சம்பந்தியம்மா என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டார்.

ஒருநாள் காலையில் நர்ஸ் வந்து, உங்கள் மருமகள் உங்களைக் கேட்கிறாள் என்றார். உள்ளே போனேன். வலி குறைந்திருந்தது. ஸ்பூனில் தண்ணீர் கொடுக்கலாம் என்று அனுமதி கிடைத்திருந்தது. ஒரு ஸ்பூன் குடித்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "காது குத்தும்போது கொழந்தை ரொம்ப அழுதுச்சா அத்தை?"

இரண்டாவது கேள்விதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "தங்கச்சியோட வரன்?"

அவளிடம் பொய் சொல்ல எனக்கு வராது. போய்விட்டது என்றேன். அவள் கண்ணோரம் நீர் வழிந்து தலையணையில் இறங்கியது. அப்போது என் பின்னால் நின்றிருந்த அவள் தங்கை முன்னால் வந்தாள். "அக்கா, நீ உயிரோட இருக்க. அதைவிட அந்த மாப்பிள்ளை பெருசா? வியாதின்னு காதுல விழுந்ததும் ஓடற ஆளு, நாளைக்கு எனக்கே ஒண்ணுன்னா நிப்பானா? இப்பவே ஓடினது நல்லது" என்றாள். அக்காளும் தங்கையும் ஒரே வார்ப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

குணமாகி வர நாளானது. வீட்டுக்கு வந்தபோது ஸ்டீராய்டால் முகம் உப்பியிருந்தது, தலைமுடி பாதி இல்லை. எண்ணெயும் வறுவலும் பல மாதம் கிடையாது. காடாம்புலியூரில் இருந்து அக்கா வழக்கமாக அனுப்புகிற முந்திரியை அனுப்பவில்லை. அதற்குப் பதில் போன் வரும். "மருமவ மாத்திரை போட்டுச்சா? வெயில்ல போவாம பாத்துக்கடி!" அதோடு விட்டாளா? இப்போது அவள் ஊரில் யாருக்கு வயிறு வலித்தாலும் என் அக்கா போய் நின்று, "மொதல்ல கணையத்தப் பாத்தியா?" என்று கேட்கிறாளாம். டாக்டரம்மா மாதிரி கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கொள்ளாத குறைதான். மருமகளிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. இந்த வியாதி போகாது, அடங்கித்தான் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் எழுந்து வரலாம். அது அவளுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் இப்போது யாருக்கும் தைராய்டு கிடையாது.

போன தை மாதம் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார், பெண்ணின் அக்காவுக்கு லூபஸ் என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, சந்தேகத்தை டாக்டரிடமே போய்த் தீர்த்துக்கொண்டு வந்த குடும்பம். கல்யாணம் டவுன்ஷிப்பிலேயே ஒரு மண்டபத்தில். பந்தி நடந்துகொண்டிருந்தபோது, மாப்பிள்ளை வீட்டுத் தூரத்துச் சொந்தம் ஒரு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "உங்க மருமகளுக்கு... ஏதோ வியாதியாமே?" என்று கேட்டார்.

நான் குரலைத் தாழ்த்தவில்லை.

"ஆமாங்க. லூபஸ். கணையத்தையே அடிச்சிப் போட்டுச்சி. பொழைச்சி வந்துட்டா. அதோ, மூணாவது வரிசையில சாம்பார் ஊத்திகினு போறா பாருங்க, அவதான் என் மருமவ!" என்றேன்.

மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். சாம்பார் வாளியோடு அவளும் திரும்பினாள். என்னைப் பார்த்து, இந்த அத்தை மாறவே மாட்டாள் என்பது மாதிரி தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு, அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

குரலைத் தாழ்த்திப் பேசும்படி என் மருமகள் எந்தத் தப்பும் செய்யவில்லை. உரக்கச் சொன்னதால்தான் அவள் இன்று உயிரோடு இருக்கிறாள், அதனால் அவளைப் பற்றிப் பேசும்போது மட்டும் என் குரல் இனி ஒருநாளும் இறங்காது.